மணல் லொறியும் ஓர் அனுமதிப்பத்திரமும்

தொழில் செய்வோர் மீதுள்ள அரசாங்கக் கட்டுப்பாடுகளைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு, 1977 ஆம் ஆண்டுத் திறந்த பொருளாதாரக் கொள்கையுடன் நம் நாட்டில் வலுப்பெற்றது. அதன்பின் வந்த எந்த அரசாங்கமும் இதைச் சொல்லாமல் விட்டதில்லை. கிராமத்தவராகிய நாம் இதனை எவ்வாறு விளங்கிக் கொள்வது?

சில கட்டுப்பாடுகள் நீங்கியது நல்லதே. 1982 ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு கம்பனி தொடங்கக் குறைந்தது இருவர் வேண்டும். தனியாளாகத் தொழில் நடத்துபவர் பெயருக்காக மைத்துனரையாவது சேர்க்க வேண்டியிருந்தது. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் ஒருவரே போதும் என்றாக்கியது. அயலவர் எவருக்கும் இதனால் நட்டமில்லை.

மணல் விடயம் அப்படியல்ல. தன்னாமுனையிலிருந்து வாவிக்கு அப்பால், படுவான்கரையில் முந்தனையாறு ஓடுகிறது. அங்கே மணல் அள்ளுவது ஒரு தொழில். அதே ஆற்றை நம்பி வயல்களும் கிணறுகளும் இருக்கின்றன. 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் மணல் அகழ ஓர் அனுமதியும், அதை ஏற்றிச் செல்ல வேறோர் அனுமதியும் தேவை. புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகம் இவற்றை வழங்குகிறது.

2019 டிசெம்பரில் அமைச்சரவை, மணல், மண், கிறவல் ஆகியவற்றை ஏற்றிச் செல்லும் அனுமதிப்பத்திரத்தை நீக்கியது. அகழ்வதற்கான அனுமதி அப்படியே இருந்தது. அப்படியானால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். வீதியில் நிற்கும் பொலிஸ்காரர் ஆற்றங்கரையில் நிற்பதில்லை. லொறியில் இருக்கும் இரண்டு கியூப் மணல் அனுமதி பெற்ற இடத்திலிருந்து வந்ததா, இரவில் திருட்டுத்தனமாக அள்ளியதா என்பதை அந்தப் பத்திரம் கொண்டுதான் அவர் அறிய முடியும். பத்திரம் போனபின் எல்லா மணலும் ஒரே மணல்.

ஆற்றுப் படுகை மணல் ஒரு பஞ்சு போல நீரைப் பிடித்து வைக்கிறது. அளவுக்கு மிஞ்சி அள்ளினால் படுகை தாழும், கரை இடியும், அயற்கிணறுகளில் நீர்மட்டம் இறங்கும். வாவியை அண்டிய பகுதியில் உவர்நீரும் மேலேறும். லொறிக்காரருக்கு மிச்சமான செலவு விவசாயியின் தலையில் விழுகிறது.

2020 யூலையில் உயர் நீதிமன்றம் இம்முடிவை இடைநிறுத்தி இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது.

பழைய முறையில் குறையே இருக்கவில்லை என்று கூறவில்லை. ஒரு நாள் உழைப்பை விட்டு அலுவலகம் ஏறி இறங்குவது சிறிய உழவு இயந்திரக்காரரே. வசதியுள்ளவருக்கு அலைய ஆள் உண்டு. ஒரே பத்திரத்தைக் காட்டிப் பல நடை ஓட்டவும் வழியிருந்தது. பத்திரத்தை விரைவாக, பிரதேச செயலக மட்டத்திலேயே கொடுத்திருந்தால் இந்தத் தொல்லையில் பாதி தீர்ந்திருக்கும்.

கலந்துரையாடலுக்கு: உங்கள் சங்க அங்கத்தவர்கள் தொழிலுக்காக எடுக்கும் பத்திரங்களை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் இல்லாவிட்டால் யாருக்கு இலாபம், யாருக்கு நட்டம்? மணல் அள்ளும் இடத்துக்கு அண்மையிலுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தை மாதந்தோறும் அளந்து எழுதி வைக்க யார் முன்வருவார்?