கண்ணியும் கானாவும்

1838இல் மறைந்து இராயபுரத்தில் அடங்கியுள்ள குணங்குடி மஸ்தான் சாகிபு, தாயுமானவர் வழியில் பராபரக்கண்ணியை ஈரடிகளாக யாத்தார். ஒவ்வொரு கண்ணியும் ஒரே விளியில் முடிவதால், ஏடறியாதவரும் உடன் பாடலாம்.

அதே வடசென்னையின் துக்க வீட்டுக் கானாவிலும் பல்லவியைக் கூட்டமே ஏந்துகிறது. அந்த இடைவெளியில்தான் பாடகர் அடுத்த அடியைக் கட்டுகிறார். மெட்டமைத்துப் பின்னர்ச் சொல் தேடுவதன்று அவர் முறை. தகரத்தில் தாளம் எழும்போதே சொல்லும் எழவேண்டும். மறைந்தவர் பெயரும் தொழிலும் எதுகைக்குள் அடங்கவேண்டும். பிசகினால் விழித்திருக்கும் சுற்றத்தார் விடுவார்களா? இதனைக் கொச்சையென ஒதுக்கும் நம் புலவர்கள் ஓரிரவேனும் அங்கமர்ந்து கேட்டதில்லை போலும்.

2012இல் ‘அட்டகத்தி’ படத்தில் கானா பாலா பாடியபின் இவ்விசை எங்கும் பரவியது. ஆயினும் ஒலிப்பதிவில் சொல் நிலைத்துவிடுகிறது; துக்க வீட்டிலோ அடுத்த இரவே அது வேறொருவர் பெயருக்கு இடம் கொடுக்கிறது.