சிசுவின் தண்டுவடத்தைக் காப்போம்

பிரசவத்தின்போது சிசுவின் தண்டுவடம் காயமுறுவது அரிது. நேர்ந்துவிட்டாலோ பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் ஊனமாகும். அதன் காரணத்தைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருத்தல் அவசியம்.

நாற்றின் தூரைப் பிடித்தே நாம் பறிக்கின்றோம். நுனியைப் பிடித்திழுத்தால் தாள் அறுந்துவிடும். சிசுவின் முதுகெலும்பு பெரும்பாலும் குருத்தெலும்பாதலால், இழுத்தால் 5 சென்டிமீட்டர் வரை நீளக்கூடும். உள்ளிருக்கும் தண்டுவடமோ சுமார் 6 மில்லிமீட்டரே தாங்கும். ஆகவே, கால் முன்வரும் பிரசவத்தில் உடலைப் பலமாக இழுத்தாலோ, தலையை வலிந்து திருப்பினாலோ தண்டுவடம் சிதைகின்றது.

ஒன்பதாம் மாதத்தில் சிசுவின் தலை கீழ்நோக்கி உள்ளதா எனக் கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் கேட்டறிதல் வேண்டும். இல்லையெனில், முண்டியம்பாக்கத்திலுள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, திண்டிவனம் அரசு மருத்துவமனையிலோ முன்கூட்டியே காட்டுக. வலி கண்டதும் 108 எண்ணை அழைக்கலாம். 2008 முதல் தமிழ்நாட்டில் இவ்வாகனம் கட்டணமின்றி வருகின்றது.

பிறந்த குழந்தையின் கைகால்கள் துவண்டிருந்தால், ‘உரம் விழுந்தது’ எனக் கருதிச் சேலையிலிட்டு உருட்டலாகாது. காலைப் பிடித்துத் தூக்கலாகாது. தலை, கழுத்து, முதுகு மூன்றும் நேராக இருக்குமாறு ஏந்தி, உடனே மருத்துவரிடம் சேர்ப்பிக்க வேண்டும்.

சிதைந்த தண்டுவடத்தை மீண்டும் இணைக்கும் சிகிச்சை இன்றும் இல்லை. எனவே ஒவ்வொரு பஞ்சாயத்தும், நிறைமாதக் கர்ப்பிணிகள் உள்ள தெருக்களைச் செவிலியரிடம் கேட்டறிந்து, மழைக்காலத்திற்கு முன்பே வாகனம் செல்லும் வண்ணம் அப்பாதைகளைச் செப்பனிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம்.