துப்பாக்கியோடு விமானப் பயணமா? வீட்டிலேயே தொடங்குது சோதனை

2024 ஜூன் மாதம். நடிகரும் முன்னாள் எம்.எல்.ஏ.வுமான கருணாஸ் திருச்சி செல்லச் சென்னை விமான நிலையம் வந்தார். ஸ்கேனரில் அவரது பையில் 40 தோட்டாக்கள் தெரிந்தன. அவரிடம் உரிமம் இருந்தது. தேர்தல் காரணமாகத் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்திருந்தார். தோட்டாக்கள் பையில் இருந்ததைக் கவனிக்கவில்லை என்று விளக்கம் கொடுத்தார். ஆவணங்களைச் சரிபார்த்த பிறகு விடுவிக்கப்பட்டார். ஆனால் அன்றைய விமானம் போயே போச்சு.

உரிமம் வைத்திருப்பவருக்கே இந்த நிலை. அப்படியென்றால் நாம் என்ன கவனிக்க வேண்டும்?

உங்கள் உரிமம் எதுவரை செல்லும்?

முதலில் உரிமத்தை எடுத்து, ‘செல்லுபடியாகும் பகுதி’ என்ன என்று பாருங்க. புதுச்சேரிக்காரர்களுக்கு இது ரொம்ப முக்கியம். முத்தியால்பேட்டையைத் தாண்டி கோட்டக்குப்பம் வந்துட்டாலே அது தமிழ்நாடு. ஆக, ஈ.சி.ஆர். வழியாகச் சென்னை விமான நிலையம் போவதே வேறு மாநிலப் பயணம்தான். லாஸ்பேட்டையில் விமானம் ஏறினாலும் இறங்குவது வெளிமாநிலத்தில்தான்.

உரிமம் புதுச்சேரிக்கு மட்டும் என்றால், பயணத் தேதிக்குப் பல வாரங்கள் முன்பே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை அணுகி உரிய அனுமதி பெறுங்கள். ஆயுத உரிம விண்ணப்பங்களுக்கு மத்திய அரசின் என்.டி.ஏ.எல்.-அலிஸ் இணையதளம் உள்ளது. உங்கள் உரிமத்தில் தனி அடையாள எண் (யு.ஐ.என்.) இருக்கிறதா, காலாவதி தேதி தாண்டவில்லையா என்பதையும் சரிபாருங்கள்.

டிக்கெட் எடுக்கும்போது

பணம் கட்டுவதற்கு முன்பே விமான நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து, துப்பாக்கி ஏற்றிக்கொள்வார்களா, எத்தனை தோட்டா வரை, கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் விதி வேறு. சர்வதேச விதிப்படி தோட்டாக்களின் மொத்த எடை ஒருவருக்கு 5 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. குடும்பத்தில் நாலு பேர் போறோம், எல்லார் கணக்கையும் சேர்த்து ஒரே பெட்டியில் வைக்கலாமா என்றால், முடியாது. நிறுவனங்கள் இதைவிடக் குறைவான அளவையும் வைக்கலாம்.

விமான நிலையத்தில்

1. துப்பாக்கியை வீட்டிலேயே முழுசா காலி செய்யுங்கள். மேகசினையும் காலி செய்யுங்கள்.
2. பூட்டக்கூடிய கெட்டியான பெட்டியில் வையுங்கள். தோட்டாக்களைத் தனியாக, உறுதியாகப் பேக் செய்யுங்கள்.
3. வழக்கத்தைவிடச் சீக்கிரமே வந்துவிடுங்கள். நுழைவாயிலிலேயே பாதுகாப்பு ஊழியரிடம் சொல்லுங்கள்.
4. செக்-இன் கவுன்ட்டரில் நீங்களாகவே தெரிவித்து, அவர்கள் தரும் படிவத்தை நிரப்புங்கள்.
5. அலுவலர் சொல்லும் இடத்தில் மட்டுமே பெட்டியைத் திறங்கள்.

பெட்டி விமானத்தின் சரக்குப் பகுதியில்தான் போகும். கைப்பையில் துப்பாக்கிக்கோ தோட்டாவுக்கோ இடமே இல்லை. குழந்தையின் பொம்மைத் துப்பாக்கியும் கைப்பையில் கூடாது.

‘போன்ல போட்டோ இருக்கே, போதாதா?’

போதாது. அசல் உரிமம் கையில் இருக்க வேண்டும். போனில் இருக்கும் படம் கூடுதல் உதவிக்கு மட்டும்தான்.

‘ஒரே ஒரு தோட்டா தானே?’

சட்டத்துக்கு ஒன்றும் ஒன்றுதான், நாற்பதும் ஒன்றுதான். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் 2019-இல் செய்த திருத்தத்துக்குப் பின், உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. ‘தெரிந்தே வைத்திருந்தாரா’ என்பது முக்கியம் என்று உச்ச நீதிமன்றம் 1972-இல் குன்வந்த்லால் வழக்கிலேயே சொல்லியிருக்கிறது. ஆனால் ‘எனக்குத் தெரியாது’ என்று நிரூபிக்கக் காவல் நிலையம், வழக்கறிஞர், நீதிமன்றம் என்று அலைய வேண்டியது நீங்கள்தான்.

இந்தச் சிக்கல் உரிமக்காரர்களுக்கு மட்டும் வருவதில்லை. அப்பாவின் பழைய பை, என்.சி.சி. முகாமுக்குக் கொண்டுபோன பை, உறவினரிடம் இரவல் வாங்கிய சூட்கேஸ் எதுவாக இருந்தாலும், துணி அடுக்கும் முன் ஒவ்வொரு ஜிப்பையும் திறந்து கையை விட்டுத் தடவிப் பாருங்க. தோட்டா வடிவச் சாவிக்கொத்தையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

பையில் தோட்டா இருப்பது விமான நிலையத்தில்தான் தெரியவருகிறதா? குப்பைத் தொட்டியிலோ கழிவறையிலோ போடாதீர்கள். உடனே பாதுகாப்பு ஊழியரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

வெளிநாடு செல்வோர் கவனத்துக்கு

இந்திய உரிமம் அங்கே செல்லாது. செல்லும் நாட்டின் முன் அனுமதி தனியாக வேண்டும். வழியில் விமானம் மாறும் நாட்டின் விதியையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பயணத்துக்கு முந்தைய நாள் இந்த நாலையும் பாருங்க: உரிமத்தின் பகுதி, காலாவதி தேதி, விமான நிறுவனத்தின் சம்மதம், பையின் ஒவ்வொரு ஜிப். நாலும் சரியாக இருந்தால் நிம்மதியாகக் கிளம்பலாம்.