உழைப்பை எங்கே போடணும், எங்கே நிறுத்தணும்? அக்கா சொல்றேன், கேளு!

"எனக்குத் திறமையே இல்லக்கா"னு புலம்பற தம்பியோ தங்கச்சியோ, யாரா இருந்தாலும் ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கு. கூடப் படிச்சவ முதல் இன்டர்வியூவிலேயே வேலை வாங்கிட்டா. பக்கத்து சீட்டுப் பையன் யார்கிட்ட பேசினாலும் சிரிக்க வெச்சிடறான். நமக்கு மட்டும் ஏன் எதுவும் அமையலைனு கேக்கறே. பிறவித் திறமைனு ஒண்ணு இருக்கு, இல்லைனு நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா நிறையப் பேர் கோட்டை விடறது திறமையில இல்ல, உழைப்பைத் தப்பான இடத்துல கொட்டறதுல. உன் பழக்கம் உன் கையில இருக்கு. அடுத்தவங்க மனசு அவங்க கையில இருக்கு. இதை நல்லா மனசுல ஏத்திக்கிட்டு மேல படி.

வேலை, படிப்பு விஷயத்தில்

1. "எனக்கு இது வராது"னு சொல்லாதே. எந்த இடத்துல வரலைனு எழுது. "இங்கிலீஷ் வராது"னு எழுதினா ஒண்ணும் செய்ய முடியாது. "போன்ல பேசும்போது தடுமாறறேன்"னு எழுதினா நாளைக்கே பயிற்சியை ஆரம்பிக்கலாம்.

2. "நீ பிறவியிலேயே கெட்டிக்காரி"ங்கற பாராட்டுல மயங்காதே. 1998-ல அமெரிக்காவுல பள்ளிப் பிள்ளைகளை வெச்சு மியூலர், ட்வெக்னு ரெண்டு பேர் ஆய்வு செஞ்சாங்க. புத்திசாலினு புகழப்பட்ட பிள்ளைகள் கஷ்டமான புதிர் வந்ததும் சோர்ந்துட்டாங்க. முயற்சிக்காகப் பாராட்டப்பட்ட பிள்ளைகள் விடாம மல்லுக்கட்டினாங்க. வீட்டுல குட்டீஸ் இருந்தா அவங்களைப் பாராட்டும்போதும் இதை மறக்காதே.

3. நேரத்தை எண்ணாதே, தப்பை எண்ணு. சேலம் சின்னப்பம்பட்டி கிரிக்கெட் வீரர் நடராஜனைப் பாரு. 2015-ல ரஞ்சிப் போட்டியில ஆடினதுமே அவர் பந்து வீசற முறையில சந்தேகம் கிளம்புச்சு. அதே முறையில இன்னும் ஆயிரம் பந்து போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? அவர் வீசற முறையையே திருத்திக்கிட்டு வந்தார். 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்துல மூணு வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக இறங்கினார். தப்பைத் திருத்தாம உழைக்கறது ஓட்டைக் குடத்துல தண்ணி பிடிக்கற மாதிரி.

4. "பத்தாயிரம் மணி நேரம் உழைச்சா யாரும் மேதை"னு நம்பாதே. 2008-ல மால்கம் கிளாட்வெல் புத்தகத்தால பிரபலமான கணக்கு அது. அதுக்கு அடிப்படையா இருந்த 1993 ஆய்வைச் செஞ்ச எரிக்சனே அப்படி ஒரு விதி கிடையாதுனு மறுத்தார். 2014-ல பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தாங்க. ஆளுக்கு ஆள் தெரியற வித்தியாசத்துல பயிற்சியால விளங்கினது இசையில 21 சதவிகிதம், விளையாட்டுல 18 சதவிகிதம்தான். அதனால ஓரளவு தானா வர்ற விஷயத்தைத் தேர்ந்தெடுத்து அதுல உழை. இது சோம்பேறித்தனம் இல்ல, புத்திசாலித்தனம்.

5. இன்டர்வியூவுக்குக் குறுக்குவழி வேணுமா? "உங்களைப் பத்திச் சொல்லுங்க"ங்கற கேள்விக்கு ரெண்டு நிமிஷம் பேசி போன்ல ரெக்கார்ட் பண்ணு. உடனே போட்டுக் கேளு. "வந்து... வந்து..."னு எத்தனை தடவை இழுத்தே, எந்த இடத்துல குரல் அமுங்குதுனு உன் காதே சொல்லிடும். அந்த ஒரு இடத்தை மட்டும் திருத்தித் திரும்பப் பேசு. பத்து வீடியோ பார்க்கறதைவிட இது மேல்.

6. அடுத்தவங்க வெற்றியை வெளியில இருந்து அளக்காதே. 2024 டிசம்பர்ல 18 வயசுல குகேஷ் உலக செஸ் சாம்பியன் ஆனப்போ எல்லாரும் மேதைனு கொண்டாடினோம். டாக்டரான அப்பா தன் தொழிலை ஒதுக்கி வெச்சுட்டு ஊர் ஊரா கூடவே போனது எத்தனை பேர் கண்ணுக்குத் தெரிஞ்சுது? உனக்குக் கிடைச்ச வசதியில நீ எவ்வளவு தூரம் வந்தேனு மட்டும் பாரு.

காதல், கல்யாணப் பேச்சு விஷயத்தில்

7. பேச வரலையா? கேள்வி கேளு. "சொந்த ஊர் தேனி"னு அவங்க சொன்னா, உடனே உன் ஊர்ப் பெருமையை அவிழ்த்து விடாதே. "அங்கே யார் யார் இருக்காங்க? எப்போ கடைசியா போனீங்க?"னு கேளு. பதிலைப் பிடிச்சு அடுத்த கேள்விக்குப் போ. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2017-ல இதைச் சோதிச்சப்போ, இப்படித் தொடர் கேள்வி கேக்கறவங்களைத்தான் மத்தவங்களுக்கு அதிகம் பிடிச்சுது. போலீஸ் விசாரணை மாதிரி அடுக்காதே, அவ்வளவுதான்.

8. அழகு இல்லைனு ஒதுங்காதே. 2015-ல 167 ஜோடிகளை ஆராய்ஞ்சாங்க. பழகின கொஞ்ச நாள்லயே ஜோடி சேர்ந்தவங்க தோற்றத்துல ஒருத்தருக்கு ஒருத்தர் பொருந்தி இருந்தாங்க. ரொம்ப நாள் பழகிச் சேர்ந்தவங்ககிட்ட அந்தப் பொருத்தம் அவ்வளவா இல்ல. பழகப் பழகத்தான் குணம் தெரியும். அதனால போட்டோ பார்த்து முடிவு பண்ற ஆப்பை மட்டும் நம்பிக் கிடக்காதே. நாலு பேர் கூடிப் பழகற இடத்துக்கு வாராவாரம் போ.

9. "வேண்டாம்"னு சொன்னா அங்கேயே நிறுத்து. இதுல நான் கறாரா இருப்பேன். சுத்திச் சுத்தி வந்தா மனசு மாறிடும்னு சினிமா சொல்லிக் கொடுத்திருக்கு. அது விடாமுயற்சி இல்ல, தொல்லை. விருப்பமில்லைனு தெளிவா சொன்ன பெண்ணைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்றது பாரதிய நியாய சன்ஹிதா 78-வது பிரிவுப்படி குற்றம். வலிக்கும், தெரியும். அழு, நண்பன்கிட்ட பேசு, வேலையைப் பாரு. மெசேஜ் மட்டும் அனுப்பாதே.

10. கிடைச்சாச்சுனு உழைப்பை விட்டுடாதே. ஜான் காட்மன்ங்கற உளவியல் ஆய்வாளர் புதுமணத் தம்பதிகளைக் கவனிச்சு, ஆறு வருஷம் கழிச்சுத் திரும்பப் பார்த்தார். சேர்ந்து வாழ்ந்தவங்க, துணை கவனத்தைத் தேடினப்போ 86 சதவிகித நேரம் முகம் கொடுத்திருந்தாங்க. பிரிஞ்சவங்க 33 சதவிகிதம்தான். "இங்கே பாரேன், மழை வருது"னு அவங்க கூப்பிட்டா போனை வெச்சுட்டு ஜன்னல் பக்கம் போ. பிறவித் திறமை எதுவும் இதுக்கு வேண்டாம்.

கண்டிப்பா தவிர்க்க வேண்டியவை

- சம்பளம், வயசு, வேலை பத்திப் பொய். ஒரு பொய்யைக் காப்பாத்த ஒன்பது பொய் வேணும்.
- தூக்கத்தைக் குறைச்சு உழைக்கறது. படிச்சது மனசுல நல்லாத் தங்கறதுக்கும் தூக்கம் வேணும்.
- ஒரே நாள்ல அஞ்சு பழக்கத்தை மாத்தறது. ஒண்ணு பிடிபட்டதும் அடுத்தது.
- "இவ்வளவு செஞ்சேனே"னு அன்புக்கு பில் போடறது. கணக்கு பார்த்துச் செஞ்சது அன்பு ஆகாது.

நேரமே இல்லைனு சொல்லுவே. சரி, அஞ்சு, ஏழு, ஒன்பது, இந்த மூணை மட்டும் ஒண்ணொண்ணா இந்த வாரம் பிடிச்சுக்கோ. திறமை கொஞ்சம் குறைச்சலா இருந்தாலும் உன்னை நம்பி வேலை கொடுப்பாங்க, நம்பிப் பழகுவாங்க. போ, முதல்ல அந்த ரெக்கார்டிங்கைப் போட்டுட்டு வா.