சில நாள் ஓடும், சில நாள் ஓடாது

அடியோடு செத்துப்போன கணினியைச் சரிசெய்வது சுலபம். எந்தப் பாகத்தை மாற்றினால் உயிர் வருகிறதோ அதுதான் பழுது. காலையில் நாலு தரம் அழுத்தினால் ஒரு தரம் ஆன் ஆகி, பிறகு ராத்திரிவரை ஒழுங்காக ஓடுகிறதே, அந்தக் கணினிதான் ஆளை வாட்டும். ஒரு பாகத்தை மாற்றியதும் ஓடினால், மாற்றியதால் ஓடியதா, தானாகவே ஓடியதா என்று தெரியாது. ‘மதர்போர்டு போயிடுச்சு’ என்று நல்ல போர்டைக் கழற்றிப் போடுவது பெரும்பாலும் இந்த வகைப் பழுதில்தான் நடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறாது.

அதனால் கேபினெட்டைத் திறப்பதற்கு முன்னால் இரண்டு விஷயங்களை எழுதிவைத்துக்கொள்வேன். எப்போது மக்கர் செய்கிறது? எதுவரை போய் நிற்கிறது?

எங்கள் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அக்காவின் சிஸ்டத்துக்கும் புது மதர்போர்டு வாங்கச் சொல்லியிருந்தார்கள். “காலைல மட்டும்தான் தம்பி இந்த ரோதனை. மத்தியானம் கரண்டு போயி வந்தாகூட உடனே ஆன் ஆயிடுது” என்றார். பாதி பதில் அந்த வார்த்தையிலேயே இருந்தது. இரவெல்லாம் குளிர்ந்து கிடந்தால் தகராறு, சூடேறிவிட்டால் சமர்த்து என்றால் முதல் சந்தேகம் எஸ்.எம்.பி.எஸ். என்னும் பவர் சப்ளை மேல்தான். அதற்குள் இருக்கும் கெபாசிட்டர்கள் வருடக்கணக்கில் சூட்டில் வெந்து உள்ளிருக்கும் திரவம் வற்றிப்போகும். வற்றிய கெபாசிட்டர் குளிர்ந்திருக்கும்போது இன்னும் மோசமாக வேலை செய்யும். நாலு தரம் ஆன் செய்து பார்ப்பதற்குள் கொஞ்சம் சூடேறி, ஐந்தாம் தரம் ஒப்புக்குத் தேறிவிடும்.

ஃபேன் சுற்றுகிறதே, அப்படியானால் பவர் சப்ளை நன்றாகத்தானே இருக்கிறது என்று பலர் கேட்பார்கள். ஃபேன் சுற்ற 12 வோல்ட் ஏனோதானோவென்று வந்தாலே போதும். மதர்போர்டு கறாரானது. 12, 5, 3.3 வோல்ட் மூன்றும் 5 சதவீத ஏற்ற இறக்கத்துக்குள் நிலைத்த பிறகு, சாம்பல் நிற வயர் வழியாக ‘பவர் குட்’ என்ற சிக்னலை எஸ்.எம்.பி.எஸ். அனுப்ப வேண்டும். அது வரும்வரை பிராசசரை போர்டு எழுந்திருக்க விடாது. ஃபேன் சுற்றும், திரை இருட்டாகவே இருக்கும். மல்டிமீட்டரில் 12 வோல்ட் வயர் 11.4-க்குக் கீழே காட்டினால் பழுது உறுதி. சரியாகக் காட்டினாலும் நம்பிவிட முடியாது; மின்னழுத்தத்தில் வரும் சிற்றலை சாதாரண மீட்டரில் தெரியாது. நன்றாக ஓடும் வேறொரு எஸ்.எம்.பி.எஸ்ஸை மாட்டி, ஒரு இரவு ஆறவிட்டு, காலையில் போட்டுப் பார்ப்பதுதான் உண்மையான சோதனை. அக்கா கடையில் அப்படித்தான் செய்தோம். பழைய போர்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

எஸ்.எம்.பி.எஸ். டப்பாவைத் தயவுசெய்து வீட்டில் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம். ஆளைக் கொல்ல அது போதும்.

ஆன் ஆகி, சரியாக நாலைந்து நொடியில் அணைந்துவிடுகிறதா? முகப்பில் இருக்கும் பவர் பட்டனைப் பாருங்கள். பட்டனை நாலு நொடி அழுத்திப் பிடித்தால் கணினி அணைந்துவிடும் என்பது அதன் அமைப்பு. பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டால் யாரோ அழுத்திக்கொண்டே இருப்பதாக போர்டு நினைத்துக்கொள்ளும். பட்டனிலிருந்து போர்டுக்கு வரும் சின்ன வயரைக் கழற்றிவிட்டு, போர்டில் அது செருகியிருந்த இரண்டு முனைகளையும் ஸ்குரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டு ஆன் செய்யுங்கள். நிலைத்து ஓடினால் பட்டன்தான் குற்றவாளி.

பீப் சத்தம் வந்தாலோ, ஆன் ஆகி அணைந்து மறுபடி ஆன் ஆகிக்கொண்டே இருந்தாலோ ராமைக் கழற்றுங்கள். பவர் கார்டைப் பிடுங்கி, பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிட்ட பிறகுதான் கை வைக்க வேண்டும். பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் துடைத்து, ஸ்லாட்டின் தூசியைத் தட்டி, ஒரே ஒரு ராமை மட்டும் மாட்டிப் பாருங்கள். கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் இந்தத் தொல்லை கூடுதல். டிடிஆர்5 ராம் போட்ட புது கணினியாக இருந்தால் மட்டும் பொறுமை வேண்டும். முதல்முறை ராமை அளந்து பழகச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். இருட்டுத் திரையைப் பார்த்துப் பதறி அணைத்துவிடாதீர்கள்.

தேதி பழைய வருடத்துக்குப் போய்விடுகிறது என்றால் போர்டிலிருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. விலை அற்பம். அதை மாற்றாவிட்டால் பயாஸ் அமைப்புகள் அழிந்து, எந்த டிஸ்க்கிலிருந்து துவங்குவது என்பதே கணினிக்கு மறந்துபோகலாம்.

ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸ் வருகிறது, ஷட் டவுன் செய்து போட்டால் வருவதில்லை என்றால் பழுது இரும்பில் இல்லாமலும் இருக்கலாம். 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற ஏற்பாடு இருக்கிறது. ஷட் டவுன் செய்யும்போது உள்நிலையின் ஒரு பகுதியை டிஸ்க்கில் எழுதிவைத்து, அடுத்த முறை அதையே எடுத்துக்கொள்ளும். ரீஸ்டார்ட்டில்தான் எல்லாம் புதிதாகத் துவங்கும். பவர் ஆப்ஷன்ஸில் போய் அதை நிறுத்திவிட்டு இரண்டு நாள் கவனியுங்கள்.

பூட் டிவைஸ் இல்லை என்று அவ்வப்போது சொன்னால், வேறெதுவும் செய்வதற்கு முன் குழந்தைகளின் படங்களையும் கணக்கு வழக்குகளையும் வேறொரு டிஸ்க்கில் நகலெடுங்கள். பிறகு டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ‘ஸ்மார்ட்’ பட்டியலைப் பாருங்கள். ஹார்டு டிஸ்க்கில் 5, 197 என்ற எண்களுக்கு நேரே கணக்கு ஏறிக்கொண்டே போனால் அதன் ஆயுள் முடிகிறது. 199-இல் மட்டும் ஏறினால் பெரும்பாலும் சாட்டா கேபிள்தான். புதிதாக ஒன்று போட்டால் தீரும்.

இத்தனைக்கும் பிடிபடாமல் கடைக்குத் தூக்கிப்போனால், அங்கே முதல் அழுத்தலிலேயே ஓடும். ‘எங்ககிட்ட நல்லாத்தானே ஓடுது’ என்பார்கள். அதனால் வீட்டில் போடுகிற அதே பவர் கார்டையும் கையோடு கொண்டுபோங்கள். எழுதிவைத்த தாளைக் கொடுங்கள். ராத்திரி முழுக்க பிளக்கைப் பிடுங்கி வைத்து, காலையில் முதல் வேலையாகப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.