குட்டிக் கம்பியும் கொழுக்குமலை இறக்கமும்

வடுகபட்டிப் பூண்டுச் சந்தைக்குக் கொடைக்கானல் மேல்மலைச் சரக்கு இறங்கித்தான் வந்தாக வேண்டும். மலையடிவார ஊர் என்பதால் ஜீப்பைப் பற்றி இங்கே ஆளுக்கொரு சித்தாந்தம் உண்டு. அதிலும் பெரிய கியர்க் கம்பிக்குப் பக்கத்தில் நிற்கும் அந்தக் குட்டிக் கம்பி, அதாவது ‘லோ’, படும் பாடு கொஞ்சமல்ல.

“லோ போட்டால் வண்டிக்குப் பவர் கூடும்.”

கூடாது. இன்ஜினின் குதிரைத்திறன் இருந்தபடியேதான் இருக்கிறது. பழைய வில்லிஸ் வகை ஜீப்பில் லோவின் விகிதம் 2.46. சக்கரத்தில் இழுவிசை ஏறக்குறைய இரண்டரை மடங்காகும். வேகமும் அதே கணக்கில் குறையும். முதல் கியரில் மணிக்கு 8 கிலோமீட்டர் போகிற வண்டி, அதே இன்ஜின் சுற்றில் லோவுக்கு வந்தால் 3 கிலோமீட்டர் சொச்சம்தான் போகும். ஆள் நடக்கும் வேகம்கூட இல்லை. அந்த மெதுவுக்காகத்தான் லோ. கிளட்சைப் பாதி மிதித்துக் கருக்காமல், எந்தக் கல்லில் எந்தச் சக்கரம் ஏற வேண்டும் என்று பார்த்துப் பார்த்து ஓட்டலாம்.

“ஃபோர் வீல் வண்டி என்றாலே லோ இருக்கும்.”

ஆல் வீல் டிரைவ் என்று விற்கும் கார்கள் பலவற்றில் லோ கிடையாது. பின்சக்கர இழுவை மட்டுமே உள்ள ஜீப்புகளும் உண்டு. பழைய வண்டி வாங்குபவர்கள் பெயிண்டைப் பார்ப்பதற்கு முன் லோ விழுகிறதா, விழுந்தது நிற்கிறதா என்று மேட்டில் ஓட்டிப் பாருங்கள்.

“செங்குத்து ஏற்றமா? லோவில் ஒண்ணாம் கியர்தான்.”

பாறைப் பாதைக்குச் சரி. மழையில் ஊறிய மண்ணிலும் உதிரிச் சரளையிலும் இழுவிசை மிஞ்சிப் போய்ச் சக்கரம் வெறுமனே சுற்றிக் குழி பறிக்கும். அங்கே லோவில் இரண்டாம் கியரே பல நேரம் கை கொடுக்கும்.

“லோ ஏறுவதற்குத்தான். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம்.”

ஆளைக் கொல்லும் நம்பிக்கை இதுதான். கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில் இருக்கிறது; ஆனால் ஜீப் பாதை கேரளத்துச் சூரியநெல்லி வழியாகத்தான். 7,000 அடிக்கு மேல் சூரியோதயம் பார்க்கப் போகிறவர்கள் ஏறும்போதுதான் கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடிக்கிறார்கள். ஓட்டுநருக்கு நிஜமான வேலை திரும்பி இறங்கும்போது. பிரேக்கை விடாமல் மிதித்தால் டிரம்மும் லைனிங்கும் கொதிக்கும், பிடிப்பு குறையும். பிரேக் ஆயிலே கொதித்துவிட்டால் பெடல் பஞ்சாக உள்ளே போகும். லோவில் போட்டு, ஆக்சிலேட்டரிலிருந்தும் கிளட்சிலிருந்தும் காலை எடுத்துவிட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்து வைக்கும். வளைவுக்கு வளைவு கிளட்சை மிதிப்பது அந்தப் பிடியை அறுத்துவிடுவதற்குச் சமம். ஈர மண்ணில் சக்கரம் உருளாமல் வழுக்கத் தொடங்கினால், மனம் பிரேக்கைத் தேடும். காலோ ஆக்சிலேட்டரை ஒரு துளி தொட வேண்டும். சக்கரம் சுழன்றால்தான் ஸ்டீயரிங் பேச்சைக் கேட்கும்.

டீசல் மிச்சம் என்பதும் பொய்க்கணக்கு. இன்றைய காமன் ரெயில் இன்ஜின்களில், கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால் டீசல் பாய்வதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் எரியும். அதையும் அணைத்துவிட்டு உருட்டுகிற மகான்கள் இருக்கிறார்கள்; நாலைந்து மிதியில் பிரேக் பூஸ்டரின் உதவி தீர்ந்து பெடல் கல்லாகிவிடும்.

“தார் ரோட்டு மலையிலும் ஃபோர் வீல் லோதான் பாதுகாப்பு.”

போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் ஒரே தூரம் ஓடுவதில்லை. மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். தாரில் வழுக்க வழியில்லை. நடு டிஃபரன்ஷியல் இல்லாத வண்டியில் அந்த முறுக்கு முழுவதும் ஆக்சிலிலும் கியர்ப் பெட்டியிலும் ஏறும். அங்கே பின்சக்கர இழுவையும் இரண்டாம் கியருமே போதும். சரக்கு அதிகமென்றால் முதல் கியர்.

லோ போடுவதென்றால் இறக்கம் தொடங்கும் முன்பே, சமதளத்தில் நிறுத்திப் போடுங்கள். சரிவின் நடுவில் குட்டிக் கம்பியை நகர்த்தாதீர்கள். அது நியூட்ரலைக் கடக்கும் நொடியில், பெரிய கம்பி எந்தக் கியரில் இருந்தாலும் சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் தொடர்பு இருக்காது. வண்டியைப் பிடிக்கப் பிரேக் மட்டுமே மிச்சம்.