குருதி நோய்க்கு மருந்து, கல்லீரலுக்குச் சோதனை

பிறவி இரத்த நோயாகிய தலசீமியாவை வேரோடு களைய வல்லது குருத்தணு மாற்றுச் சிகிச்சை. நம் நாட்டில் இது 1983-இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் தொடங்கியது. 1986-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் தொடங்கிற்று.

வண்டலூரில் எங்கள் தெரு அக்கா ஒருவர், தம் மகனின் சிகிச்சை குறித்து என்னிடம், "ரத்தத்த மாத்துறாங்க, சரி தம்பி. கல்லீரல எதுக்கு இத்தன தடவ டெஸ்ட் பண்றாங்க?" என்று கேட்டார். அவருக்கு நான் சொன்ன விடையே இக்கட்டுரை.

முதற்காரணம் இரும்பு. ஏற்றப்படும் ஒவ்வோர் அலகு இரத்தத்திலும் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு உண்டு. மிகுதியை வெளியேற்றும் வழி உடலுக்கு இல்லாமையால் அது கல்லீரலில் தங்கி, அதனை நலிவுறச் செய்கிறது.

இரண்டாவது, மருந்து. புதிய குருத்தணுக்களுக்கு இடம் தர, புசல்ஃபான் போன்ற கடும் மருந்துகளால் பழைய மஜ்ஜையை அழிக்கின்றனர். அம்மருந்துகள் கல்லீரலின் நுண்குழல்களின் உட்சுவரையும் புண்படுத்துகின்றன. சுவர் உரிந்து குழல் அடைபட, இரத்தம் தேங்கிக் கல்லீரல் வீங்குகிறது. வலப்பக்க வலி, மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர் ஆகியன தோன்றுகின்றன. இது பெரும்பாலும் முதல் மூன்று வாரங்களில் வரும். நாள்தோறும் எடை பார்ப்பது இதற்காகவே. உடலில் தேங்கும் நீரை எடை முன்கூட்டியே காட்டிவிடும்.

தாவரவியல் மாணவர்க்கு ஒரு செய்தி: 1970-களின் நடுவில் இன்றைய சத்தீஸ்கரின் சர்குஜா பகுதியில், கிலுகிலுப்பை விதை கலந்த சாமையை உண்டோர்க்கும் இத்தகைய அடைப்பு நோயே வந்தது. எனவே மருத்துவரைக் கேளாமல் மூலிகை தருவது ஆபத்தாகும்.

எல்லோர்க்கும் இந்நோய் வருவதில்லையே, ஏன்? நச்சுமுறிக்கும் நொதி ஒன்றின் மரபணு இல்லாத தலசீமியா நோயாளிகட்கு இவ்வபாயம் மிகுதி என வேலூர் ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்டனர். கடுமையான அடைப்புக்கு டிஃபைப்ரோடைடு என்னும் மருந்து பயன்படுகிறது. அமெரிக்கா அதனை 2016-இல் ஏற்றது.

மூன்றாவது, கொடையாளியின் வெள்ளணுக்கள் நோயாளியின் உடலை அந்நியமெனக் கருதித் தோல், குடல், பித்தநாளங்களைத் தாக்குவதாகும்.

இவற்றிலிருந்து பெற்றோர் அறியவேண்டியது ஒன்றுண்டு. இரும்பு நீக்கும் மருந்தை இன்றே தவறாது கொடுப்பது, நாளைய சிகிச்சைக்குக் கல்லீரலை ஆயத்தப்படுத்துவதாகும். கல்லீரல் எவ்வளவு நலமாயிருக்கிறதோ, அவ்வளவுக்குச் சிகிச்சையின் அபாயமும் குறையும்.